விடாமல் தூறும் ஊர்கள்: மேற்குக் கடற்கரை ஊர்களில் இருப்பவர்களின் அனுபவங்கள்

வான்கூவர், கனடா

நவம்பரில் இங்கே வரப்போகும் தம்பி, "மழை ரொம்ப அதிகமாமே?" என்று கேட்டிருந்தார். அளவை மட்டும் பார்த்தால் அப்படி இல்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது, வான்கூவர் விமான நிலையத்தில் ஏறக்குறைய 1,200தான். பெய்கிற விதம்தான் வேறு. சென்னையில் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே அந்தத் தண்ணீர் 160 நாளுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். குற்றாலத்துச் சாரல் அக்டோபரில் பிடித்து மார்ச் வரை நீடித்தால் எப்படி இருக்கும்? அப்படி. இடி மின்னல் அபூர்வம்.

குளிருக்குப் பயப்பட வேண்டாம். கிட்டத்தட்ட இதே அட்சரேகையில், ஆனால் கடலை விட்டுத் தள்ளி உள்நாட்டில் இருக்கும் வின்னிபெக்கில் ஜனவரி சராசரி மைனஸ் 16 டிகிரி, இங்கே பிளஸ் 4. கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். மேற்கிலிருந்து வீசும் காற்று அந்தப் பதத்தையே கரைக்குக் கொண்டுவருகிறது. அதே காற்று வடக்கே மலையில் முட்டி மேலேறுவதால், பாலம் தாண்டி நார்த் வான்கூவர் மலையடிவாரத்துக்குப் போனால் விமான நிலையத்தைவிட இரண்டு மடங்கு மழை. வீடு பார்க்கும்போது இதையும் யோசியுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வீட்டுக்குள் சேரும் ஈரத்தைப் பற்றி. நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்தது ஒரு பேஸ்மென்ட். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் போடும், ஈரக்காற்றை வெளியே இழுக்காது. டிசம்பரில் ஒருநாள் அலமாரியை நகர்த்தினால், பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. உள்ளே பட்டுப்புடவை மடிப்பில் சாம்பல் புள்ளிகள். கல்யாணப் புடவை, அழுகையே வந்துவிட்டது. அதனால் சொல்கிறேன்: வீடு பார்க்கப் போகும்போது ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துப் போங்கள். ஃபேனைப் போட்டு அதில் வைத்துப் பாருங்கள். ஒட்டி நின்றால் சரி, விழுந்தால் ஃபேன் வேலை செய்யவில்லை. அலமாரி, கட்டில் எதையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கிவிடுங்கள். ராத்திரிக்குள் அதன் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்று பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

பின்னால் வீடு வாங்குவதாக இருந்தால், கட்டிய ஆண்டைக் கட்டாயம் கேளுங்கள். 1980, 90களில் இங்கே பல அடுக்குமாடிகளை வெயில் ஊர் பாணியில், சுவரைக் காக்கும் கூரை நீட்டல் இல்லாமல் கட்டினார்கள். சுவருக்குள் புகுந்த தண்ணீர் காய வழியில்லாமல் மரச்சட்டங்கள் உளுத்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை எல்லாம் பழுதுபார்க்கவே கொட்டின. 1998இல் மாகாண அரசு விசாரணை ஆணையமே வைத்தது. இப்போது வெளிப்பூச்சுக்குப் பின்னால் தண்ணீர் வடிய இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் மழை ரொம்பக் குறைவு. அந்த இரண்டு மாதத்துக்காகவே இந்த ஊரை விட்டுப் போக மனசு வராது.

பெர்கன், நோர்வே

அக்கா, 1,200 எல்லாம் எங்களுக்குக் கோடைக்காலம் மாதிரி! இங்கே ஆண்டுக்கு 2,200 மி.மீ.க்கு மேல். நகரத்தைச் சுற்றி ஏழு மலைகள், கடல்காற்று தப்பிக்க வழியே இல்லை. 2006 அக்டோபர் 29 முதல் 2007 ஜனவரி 21 வரை, தொடர்ந்து 85 நாள் ஒருநாளும் விடாமல் பெய்தது. ஆனால் 60 டிகிரி வடக்கில் இருந்தும் துறைமுகம் உறைவதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்திருந்தபோது, பாலர் பள்ளியில் பிள்ளைகளைக் கொட்டும் மழையில் விளையாட விட்டதைப் பார்த்துப் பதறிவிட்டார். மகள் வீட்டுக்கு வந்ததும் துவாயோடு ஓடினார். மேலே போட்டிருந்த ரப்பர் காற்சட்டையையும் ஜாக்கெட்டையும் கழற்றினால், உள்ளே கம்பளி உடுப்பு அப்படியே காய்ந்திருந்தது. தலைமுடியைக்கூடத் துவட்டத் தேவைப்படவில்லை. அம்மா அடுத்த நாளே தனக்கும் அப்படி ஒரு ஜாக்கெட் கேட்டார். தம்பி, காசை அதில் போடுங்கள். ஜாக்கெட்டோடு காற்சட்டையும் வேண்டும். முழங்கால்தான் முதலில் நனையும்.

கால்வே, அயர்லாந்து

இங்கே மழையை விடக் காற்றுதான் பாடுபடுத்தும். மழை பக்கவாட்டில் வரும், குடை தாங்காது. டப்ளின் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 150 நாள் மழை என்றால், மேற்குக் கரையில் 225 வரை போகும். உறைபனி குறைவு என்பதால் நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்த, பனைபோல் இருக்கும் கார்டிலைன் மரங்கள் கடலோரத்தில் செழித்து நிற்கின்றன.

வந்த புதிதில் துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே காயப்போட்டு, ஜன்னல் முழுக்க நீர் கோர்த்து நின்றது. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் சொல்லிக் கொடுத்தார்: வெயிலுக்குக் காத்திருக்காதே, காற்று அடித்தால் போதும், கொடியில் போடு. தூறல் வந்தாலும் உடனே எடுக்காதே, பத்து நிமிஷத்தில் விட்டுவிடும். பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

வான்கூவர் அக்கா, அந்தப் புடவைப் புள்ளி கடைசியில் போனதா? என் பட்டுவேட்டிக் கரையிலும் அதே மாதிரி வந்திருக்கிறது. எப்படி எடுத்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.