பழைய சிங்கிள் கோர் ஓவர்கிளாக் அனுபவங்கள்: 17-ஆவது லூப்பில் நின்றுபோன பென்டியம் 4

பார்ட்டன்2500:

பரணிலிருந்து இரண்டு கேபினட்டையும் இறக்கிவிட்டேன். ஒன்று என்னுடைய அத்லான் எக்ஸ்பி 2500+, ஏஎம்டி சிபியு. இன்னொன்று இன்டெலின் பென்டியம் 4 2.4சி, 2.4 கிகாஹெர்ட்ஸ். ஹாஸ்டலைக் காலி செய்தபோது என் ரூம்மேட் "நீயே வெச்சுக்கோடா" என்று விட்டுப்போனது. 2004-இல் கோவையில் ஒரே அறையில் இந்த இரண்டும் எதிரெதிர் மேஜையில் இருந்தன. எது வேகம் என்று வருஷம் முழுக்கச் சண்டை.

ஓவர்கிளாக், அதாவது சிபியுவைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, என்னுடையதில் சுலபம். எஃப்எஸ்பி (சிபியுவின் அடிப்படை பஸ் வேகம்) 166-ஐ 200 ஆக்கினால் போதும், மல்டிப்ளையர் 11 பெருக்கல் 200, 2200 மெகாஹெர்ட்ஸ். பயாஸே அதை உயர்ந்த மாடலான 3200+ என்று காட்டும். பையின் மதிப்பைச் சுமார் பத்து லட்சம் இலக்கம் வரை கணக்கிடும் சூப்பர் பை 1எம் ஓட்டினால் 46 வினாடி. அவன் ஒரு நாள் மதியம் 12 பெருக்கல் 250 போட்டு 3 கிகாஹெர்ட்ஸ் ஏற்றினான். விண்டோஸ் வந்துவிட்டது. எங்கள் விங்கில் இருந்த பாதிப் பேர் எங்கள் அறையில்தான். லூப் (கணக்கின் சுற்று) ஒவ்வொன்றாக விழுகிறது, ஒவ்வொன்றும் என்னுடையதைவிடக் கொஞ்சம் முன்னால். மொத்தம் 19 லூப். 17-ஆவதில் "நாட் எக்ஸாக்ட் இன் ரவுண்ட்" என்று, அதாவது கணக்குத் தப்பு என்று, ஒரு பெட்டி வந்து நின்றது.

நான் கைதட்டினேன். எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள். அவன் எதுவும் பேசவில்லை. மேஜைக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினான். அதற்கப்புறம் அந்த மெஷினை 2.4-க்கு மேல் அவன் ஏற்றவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே ரேம், அதே பயாஸ் செட்டிங்கோடு 250 போட்டுப் பார்த்தேன். 16-ஆவது லூப்பில் அதே பெட்டி. சிபியு அவ்வளவுதான் தாங்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ஸ்லாட்ஒன்:

இருக்கிறது. செலிரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ். 1999, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது, பிஎக்ஸ் சிப்செட் போர்டு. பி21 பின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும்: அந்த ஒரு பின்னை மறைத்தால் போர்டு பஸ்ஸை 66-க்குப் பதில் 100-இல் ஓட்டும்.

முதலில் செலோ டேப் ஒட்டினேன். ஸ்லாட்டில் செருகும்போது டேப் சுருண்டு உள்ளே மாட்டிக்கொண்டது. இடுக்கியால் எடுக்க அரை மணி நேரம். இரண்டாவது தடவை அக்காவின் நெயில் பாலிஷ். அந்த ஒரே ஒரு தங்கக் கோட்டின் மேல் மட்டும் படவேண்டும், பக்கத்துக் கோட்டில் பட்டால் போச்சு. தீக்குச்சியைச் சீவி, நுனியில் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன். ரோஸ் நிறம். காய்ந்ததும் செருகி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 450 என்று வந்தது. மல்டிப்ளையர் 4.5 மாறவில்லை, பஸ் மட்டும் 66-லிருந்து 100-க்குப் போய்விட்டது. வோல்டேஜைத் தொடவே இல்லை.

எனக்கு உறுத்துவது அதற்கடுத்த நாள். தெருக்கோடியில் இருந்த நண்பன் வீட்டில் புது பென்டியம் III 450. அவன் அப்பா பிஎஃப் லோன் போட்டு வாங்கிக் கொடுத்தது. நான் என் கேபினட்டைச் சைக்கிள் கேரியரில் கட்டி அங்கே கொண்டுபோய், அவன் மானிட்டரிலேயே மாட்டி, குவேக் 2 கேமின் டைம்டெமோ (ஃபிரேம் வேகச் சோதனை) ஓட்டினேன். இரண்டுக்கும் ஒரு ஃபிரேம்கூட வித்தியாசம் இல்லை. அவனுடையதில் 512 கேபி எல்2 கேஷ் (சிபியுவின் விரைவு நினைவகம்), ஆனால் பாதி வேகத்தில் ஓடுவது. என்னுடையதில் வெறும் 128 கேபி, ஆனால் சில்லுக்குள்ளேயே, முழு வேகத்தில். இதையெல்லாம் நான் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் அப்பா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. "அப்போ நாம ஏமாந்துட்டோமாடா?" என்று அவனிடம் கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வேலூர்வெயில்:

பார்ட்டன்2500, உங்கள் ரூம்மேட் மதியம் ஓட்டினார் என்றீர்களே, எந்த மாதம்?

ஏன் கேட்கிறேன் என்றால், என்னிடம் பிரெஸ்காட் 3.0 (பென்டியம் 4-இன் பிந்தைய வகை) இருந்தது. 2005 மே மாதம், வேலூர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. 3.3-க்கு ஏற்றி ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டினால் நல்ல நேரம். அதையே மறுநாள் மதியம் நண்பர்களுக்குக் காட்டினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம். கிளாக் வேகம் காட்டும் சிபியு-இசட் மட்டும் 3.3 என்றே காட்டுகிறது. தம்பி வைரஸ் ஏற்றிவிட்டான் என்று நினைத்து அவனை அடித்தேகூட விட்டேன். கேபினட்டைத் திறந்து ஹீட்சிங்க்கில் விரலை வைத்தபோதுதான் புரிந்தது. தோசைக்கல் மாதிரி இருந்தது. சூடு எல்லை தாண்டினால் பென்டியம் 4 தன் கிளாக்கை விட்டுவிட்டு நிறுத்தும். எண் குறையாது, வேலைதான் குறையும். தம்பியிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அதனால் ராத்திரி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்_மணி:

வெயிலுக்கும் அந்தப் பிழைக்கும் நேரடித் தொடர்பு இல்லை, வேலூர்வெயில். நீங்கள் சொல்வது நடந்தால் மெதுவாக ஓடும், தப்பாகக் கணக்கிடாது. தப்பாகக் கணக்கிடுகிறது என்றால் சிபியு அல்லது ரேம், இரண்டில் ஒன்று தன் எல்லையைத் தாண்டி ஓடுகிறது.

என் கதை சின்னது. டியூரான் 600, சிபியுவின் மேல் உள்ள எல்1 பிரிட்ஜ்களை 2பி பென்சிலால் இணைத்து, மல்டிப்ளையரைத் திறந்து 850 வரை ஏற்றினேன். ஹீட்சிங்க் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தும்போது "கருக்" என்று ஒரு சத்தம். மொளகு அளவுகூட இருக்காது, சில்லின் மூலையில் ஒரு துணுக்கு உடைந்து பச்சை ரப்பர் வட்டத்தின் பக்கத்தில் கிடந்தது. அதற்கப்புறம் அது ஆன் ஆகவே இல்லை. அதன் விலை என் அப்போதைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பார்ட்டன்2500, மெமரி ரேஷியோ (எஃப்எஸ்பிக்கும் ரேமுக்கும் உள்ள விகிதம்) என்ன வைத்திருக்கிறீர்கள்? 1:1 என்றால் எஃப்எஸ்பி 250 ஆகும்போது ரேமும் 250-இல் ஓடும், அதாவது டிடிஆர் 500. ஹாஸ்டல் பையன் கையில் இருந்தது சாதா டிடிஆர் 400-ஆகத்தான், 200 வரைக்குமானதாகத்தான், இருந்திருக்கும். 5:4 என்று மாற்றுங்கள், ரேம் 200-க்கே வந்துவிடும். அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ராத்திரி முழுக்க ஓடட்டும்.

ஒப்பீடு சரியாக வரவேண்டும் என்றால் இன்னும் சில. 2.4சி-யில் ஹைப்பர் த்ரெடிங் உண்டு, ஒரே கோர் இரண்டாகத் தெரியும், அதை பயாஸில் அணைத்துவிடுங்கள். சூப்பர் பை ஒற்றை த்ரெட்தான், அதற்கு அதனால் லாபம் இல்லை. இரண்டிலும் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள், ரேம் டைமிங்கைக் கையால் ஒன்றாக வையுங்கள். சூப்பர் பையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அது பழைய எக்ஸ்87 (தசமக் கணக்குக்கான பழைய கட்டளைகள்) கணக்கு, அதில் ஒரே கிளாக்கில் அத்லானின் கை ஓங்கியிருக்கும். நார்த்வுட்டின் (உங்கள் 2.4சி) பைப்லைன், அதாவது ஒரு கட்டளை கடந்துபோகும் வரிசை, 20 படி, அத்லானில் அதில் பாதி. ஒரே கிளாக்கில் பென்டியம் 4 பின்தங்குவது இயல்பு. ஆனால் எஸ்எஸ்இ2 (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் கட்டளைகள்) இருப்பது பென்டியம் 4-இல்தான், அத்லான் எக்ஸ்பி-யில் கிடையாது. அதைப் பயன்படுத்தும் வீடியோ என்கோடிங் ஒன்றை ஓட்டினால் படம் மாறும். ஸ்லாட்ஒன் சொன்ன செலிரான் கதைக்கும் இதுவே பதில். குவேக்கில் சமம் என்பதால் எல்லாவற்றிலும் சமம் என்று ஆகாது. எல்2-க்குள் 128 கேபிக்கு மேல் தேவைப்படும் வேலை கொடுத்திருந்தால் பென்டியம் III முன்னால் போயிருக்கும்.

இன்னொன்று, புது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வாங்கி மாட்டாதீர்கள். உங்கள் அத்லான் உட்காரும் பழைய சாக்கெட் ஏ போர்டுகள் பலவும் சிபியுவுக்கு 5 வோல்ட் லைனில் இருந்துதான் கரண்ட் எடுக்கும். இன்றைய எஸ்எம்பிஎஸ்ஸில் பலம் எல்லாம் 12 வோல்ட்டில். மல்டிமீட்டர் வைத்து லோடில் 5 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். தெர்மல் பேஸ்ட் ஒரு புழுங்கல் அரிசி அளவு போதும், இட்லிக்குச் சட்னி மாதிரி பூசவேண்டாம்.

ஸ்லாட்ஒன்:

மணி, நான் எல்லாவற்றிலும் சமம் என்று எழுதவில்லை. குவேக் 2 என்றுதான் எழுதினேன். எனக்கு உறுத்துவது எல்2 இல்லை.

அக்காகல்யாணம்:

"எஃப்எஸ்பி ஏற்றினேன், வோல்டேஜைத் தொடவில்லை, ஒன்றும் ஆகவில்லை" என்று படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு கலங்கும்.

அத்லான் எக்ஸ்பி 1700+. என் போர்டில் பிசிஐ லாக் (பிசிஐ பஸ் வேகத்தைத் தனியாக நிலைநிறுத்துவது) கிடையாது. 133-ஐ 160 ஆக்கினால் 33-இல் ஓட வேண்டிய பிசிஐ 40-இல் ஓடும், ஹார்ட் டிஸ்க்கும் அதே தாளத்துக்கு இழுபடும். எனக்கு அப்போது அது தெரியாது. 1760 மெகாஹெர்ட்ஸ் என்ற எண் மட்டும்தான் கண்ணில் பட்டது. சிபியுவைச் சோதிக்கும் பிரைம்95 ஆறு மணி நேரம் பிழையில்லாமல் ஓடியது, அதனால் எல்லாம் பத்திரம் என்று நம்பினேன். பிரைம்95 ஹார்ட் டிஸ்க்கைச் சோதிப்பதே இல்லை.

அக்கா கல்யாணத்தில் மாமா டிஜிட்டல் கேமராவில் எடுத்த போட்டோ எல்லாம் அதில்தான். மெமரி கார்டை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து அக்காவும் அத்தானும் விருந்துக்கு வந்தபோது திறந்தேன். முதல் மூன்று படம் சரியாக வந்தது. நாலாவது தாலி கட்டும் படம். அக்காவின் நெற்றி வரைக்கும் இருக்கிறது, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் பட்டை. அடுத்தது திறக்கவே இல்லை. அதற்கடுத்ததும். அம்மா பின்னால் நின்று "அடுத்தது போடு, அடுத்தது போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஸ்டுடியோ ஆல்பம் இருக்கிறது, அதனால் யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்தப் படங்களில் தாத்தா இருந்தார். ஸ்டுடியோக்காரர் எடுத்ததில் அவர் எதிலும் இல்லை.

பார்ட்டன்2500, ரூம்மேட்டின் டிஸ்க்கில் ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கழற்றி வையுங்கள். வேறு டிஸ்க் போட்டுச் சோதனை செய்யுங்கள். தயவுசெய்து.

பார்ட்டன்2500:

அக்காகல்யாணம், கழற்றிவிட்டேன். அவனுடைய செமஸ்டர் ப்ராஜெக்ட் ஃபோல்டர் அப்படியே இருக்கிறது, காப்பி எடுத்துவிட்டேன். இப்போது ஓடுவது ஒரு காலி டிஸ்க்.

மணி சொன்னதுதான். பயாஸில் மெமரி 1:1. ரேம் ஸ்டிக்கரைப் பார்த்தேன், சாதா டிடிஆர் 400. நேற்று ராத்திரி 5:4 போட்டு, ஹைப்பர் த்ரெடிங்கை அணைத்து, 250-க்கு ஏற்றினேன். 16 தாண்டியது. 17 தாண்டியது. 19 லூப்பும் முடிந்து 47 வினாடி. நம்பாமல் இன்னும் நாலு தடவை ஓட்டினேன், ஒன்றில்கூடப் பிழை இல்லை. அப்புறம் எஃப்எஸ்பி-யை 183-க்கு இறக்கி இரண்டையும் 2.2-இல் வைத்தேன். அத்லான் அதே 46, பென்டியம் 62. ஒரே கிளாக்கில் என்னுடையது வேகம் என்று நான் சொன்னது சரி. 3 ஏற்றினால் உன்னுடையதோடு சமமாக நிற்கும் என்று அவன் சொன்னதும் சரி. சிபியுவில் அன்றைக்கும் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

அவனுக்கு ஃபோன் செய்தேன். பத்து மணி இருக்கும், குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தான், மெதுவாகப் பேசினான். 17-ஆவது லூப் என்று ஆரம்பித்ததுமே "ஆமா" என்றான். ரேம்தான்டா காரணம், 5:4 போட்டிருந்தால் அன்றைக்கே ஓடியிருக்கும் என்றேன். கைதட்டியதற்கும் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "எத்தனை வினாடி?" என்றான். 47 என்றேன். "ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு" என்றான்.