சாத்தானுக்கு வக்கீல் வைத்த அனுபவம்

கூட்டக் குறிப்புகளைத் தமிழாக்கும் வேலை அலுவலகத்தில் என் தலையில் விழுந்திருந்த சமயம். ஒரு கூட்டத்தில் மூத்த அதிகாரி ஒருவர் புதிய திட்டத்தின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குடைந்தெடுத்தார். ஆங்கிலக் குறிப்பில் அவர் 'டெவில்ஸ் அட்வகேட்' ஆகப் பேசினார் என்றிருந்தது. நானும் யோசிக்காமல் 'சாத்தானின் வக்கீலாகப் பேசினார்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை கையில் தாளோடு என் மேசை முன் வந்து நின்றார். அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. "நான் யாருக்கு வக்கீல் என்கிறீர்கள்?" பதற்றத்தில், 'விதண்டாவாதம் செய்தார்' என்று மாற்றிவிடட்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன். எரிகிற தீயில் எண்ணெய்!

பிறகுதான் தேடிப் படித்தேன். 'டெவில்ஸ் அட்வகேட்' வசைச்சொல்லே அல்ல, ஒரு பதவிக்கு வழங்கிய பட்டப்பெயர். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்குமுன், அவர் வாழ்க்கையிலும் அவர் பேரில் சொல்லப்படும் அற்புதங்களிலும் ஐயம் எழுப்பவென்றே ஓர் அதிகாரி இருந்தார். போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் 1587இல் முறைப்படி ஏற்படுத்திய பதவி. 1983இல் இரண்டாம் ஜான் பால் விதிகளைத் திருத்தியபோது அதன் வேலை வெகுவாகச் சுருங்கியது. விதண்டை வேறு. தனக்கென்று ஒரு கொள்கையையும் நாட்டாமல் எதிராளி சொன்னதை மட்டும் வெட்டிக்கொண்டே போவதைத்தான் தர்க்க நூல்கள் அப்படிச் சொல்கின்றன. பாவம், எங்கள் மூத்த அதிகாரி கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. கடைசியில் 'மறுதரப்பு வாதத்தை எடுத்து வைத்தார்' என்று திருத்தினேன். அதன் கீழ் கோடு விழவில்லை.

பதில்:
எனக்கு நேர்ந்தது தலைகீழ். எங்கள் குழுவில் ஒருவர் வாயைத் திறந்தாலே, "நான் சும்மா டெவில்ஸ் அட்வகேட் ஆகப் பேசுகிறேன்" என்றுதான் தொடங்குவார். அந்த முன்னுரை இருந்தால் எதையும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருமுறை, குழந்தை பெற்று விடுப்பில் இருப்பவர்களுக்குப் பதவி உயர்வு எதற்கு என்று அதே முன்னுரையோடு கால் மணி நேரம் பேசினார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இப்போது உங்கள் சொந்தக் கருத்தைச் சொல்லுங்கள்" என்றார். மனிதர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ஏறக்குறைய அதேதான்."

பதில்:
அவரை விதண்டாவாதி என்றுகூடச் சொல்ல முடியாது. சொந்தமாக ஒரு கொள்கை இருக்கிறதே!