எட்வர்ட் போடன் பாணியில் மூன்று நிற லினோ அச்சு: டர்பன் ஈரக்காற்றில் எப்படிச் செய்வது?

சங்கு_டர்பன்:
எல்லோருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடிக்காக டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த் பிள்ளைகளோடு லினோவில் (லினோலியம் தகட்டைச் செதுக்கி, மை தடவி அடிக்கும் முறை) ஒரு சுவரொட்டி அச்சிடப் போகிறோம். ஏ3 அளவு, மூன்று நிறம், 40 பிரதி. மாதிரியாக எடுத்திருப்பது ஆங்கில ஓவியர் போடன் 1960இல் செய்த 'லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்'. அந்த இரும்புக் கூரையின் வளைவுகளைக் காவடி வளைவாக நினைத்துப் பார்க்கச் சொன்னதும் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிட்டது. கேள்வி மூன்று. நிறத்துக்கு ஒரு தகடா, ஒரே தகட்டைச் செதுக்கிச் செதுக்கி அடிப்பதா? நிறங்கள் விலகாமல் எப்படிப் பொருத்துவது? ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் மை காயுமா? அடியில் தமிழில் ஒரு வரியும் வரவேண்டும்.

மையுருளை:
நிறத்துக்கு ஒரு தகடு வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. ஒரே தகட்டைக் குறைத்துக்கொண்டே போகும் முறையில் ஒரு பிள்ளை தவறாகச் செதுக்கினால் திரும்ப வழியில்லை. தனித்தனித் தகடு என்றால் கெட்டதை மட்டும் மறுபடி செதுக்கலாம்.

சணல் முதுகு வைத்த சாம்பல் நிற லினோ, 3.2 மில்லிமீட்டர் தடிப்பு, போதும். கருப்புக் கோடு வரும் தகட்டை முதலில் செதுக்குங்கள். அதற்கு மை நிறையத் தடவி வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளில் ஒரு பதிவு எடுத்து, ஈரம் காயுமுன் வெற்று லினோமேல் கவிழ்த்துத் தேயுங்கள். கோடுகள் தகட்டில் இருந்த அதே திசையிலேயே இறங்கும். மேலே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் கை பட்டாலும் கலையாது. மற்ற இரண்டு நிறத் தகட்டையும் அந்தக் கோட்டைப் பார்த்தே செதுக்கவேண்டும். நிறப் பகுதி கருப்புக் கோட்டுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகட்டும். கோட்டோடு சரியாக நிறுத்தினால் தாள் இம்மி நகர்ந்தாலும் வெள்ளை இடுக்கு தெரியும். புதியவர்கள் செய்வதில் பாதிக்குமேல் கெடுவது இங்கேதான்.

பொருத்துவதற்கு ஒரு தட்டைப் பலகையில் லினோ தடிப்பிலேயே இரண்டு சட்டத்தை 'ட' வடிவத்தில் ஒட்டுங்கள். எல்லாத் தகடும் அதே மூலையில் முட்டி உட்காரவேண்டும். மூன்றையும் ஒரே அளவில் வெட்டியிருந்தால்தான் இது பலிக்கும். தாளுக்குத் தனியாகப் பலகையில் இரண்டு ஊசி, தாளின் ஓரத்தில் அந்த ஊசியில் மாட்டத் துளையிட்ட பட்டை. வெளிர் நிறம் முதலில், கருப்பு கடைசியில்.

தகடு விறைப்பாக இருந்தால் பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள், வெண்ணெய் மாதிரி வெட்டும். உளி மழுங்கினால் லினோ விளிம்பு உதிரும், பிள்ளைகள் கூடுதலாக அழுத்துவார்கள், உளி வழுக்கிக் கையில் ஏறும். அரை மணிக்கொரு தடவை தோல்வாரில் தீட்டுங்கள். பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்.

கடலோரம்_68:
காற்றைப் பற்றிச் சொல்கிறேன், டர்பனில் அதுதான் பெரிய சிக்கல். ஈரம் ஏறினால் தாள் விரியும், அதுவும் இழையின் குறுக்கே அதிகமாக. முதல் நிறம் மழை நாளிலும் இரண்டாவது வறண்ட நாளிலும் அடித்தால் சட்டம் எவ்வளவு நேராக இருந்தாலும் நிறம் பொருந்தாது. தாளை இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளையும்போது மடிப்பு விழும் போக்குத்தான் இழை. எல்லாத் தாளையும் ஒரே இழைப்போக்கில் வெட்டி, அச்சிடும் அறையிலேயே முந்தின நாள் விரித்து வையுங்கள். 40 வேண்டுமென்றால் 50 தாள் வெட்டுங்கள்.

நீர் மை வேண்டாம், உருளையிலேயே காய்ந்து புள்ளி புள்ளியாக விழும். சோப்பில் கழுவக்கூடிய எண்ணெய் மை (காலிகோ சேஃப் வாஷ் போல) பிள்ளைகளுக்கு ஏற்றது. மையை மெலிசாக உருட்டுங்கள். உருளை ஓடும்போது மெல்லிய 'சர்' சத்தம் வந்தால் சரி, சொதசொதவென்று கேட்டால் கூடிவிட்டது, நுண்கோடு அடைபடும். மை சீக்கிரம் காய உலர்த்தி சேர்ப்பதானால் கோபால்ட் உலர்த்தி, எடையில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கையுறை போட்டுப் பெரியவர்கள் மட்டும் கலக்கவேண்டும். அதற்குமேல் போனால் முதல் நிறம் கண்ணாடிபோல் இறுகி அடுத்த மை ஒட்டாது. விரலில் ஒட்டாத பதத்தில் அடுத்த நிறத்தை அடியுங்கள். ஈர நாட்களில் மூன்று நாள்கூட ஆகும். திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்னால் தொடங்குங்கள்.

எண்ணெய் மை துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். மையில் இருக்கும் ஆளி எண்ணெய் காயும்போது சூடு பிறந்து தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு மூடுங்கள்.

கோட்டோவியன்:
போடனை மாதிரியாக எடுத்தது நல்ல தேர்வு. 1903இல் எசெக்ஸில் பிரெயின்ட்ரியில் பிறந்தவர், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் ஓவியர் எரிக் ரவீலியஸின் தோழர், ஓவியர் பால் நாஷிடம் படித்தவர். நீர்வண்ணம், சுவரோவியம், சுவர்த்தாள், நூல் அலங்காரம், ஓடு என்று தொடாத துறை குறைவு. ரவீலியஸோடு சேர்ந்து லண்டன் மோர்லி காலேஜில் வரைந்த சுவரோவியங்கள் 1940இல் குண்டுவீச்சில் போயின. போர்க்கால ஓவியராக இருந்தபோது அவர் வந்த லக்கோனியா கப்பல் கேப் டவுனைக் கடந்து வடக்கே போகையில் 1942 செப்டம்பரில் மூழ்கடிக்கப்பட்டது. பிழைத்துக் கரையேறி மொராக்கோவில் சிறைப்பட்டார். பிள்ளைகளுக்கு 1967 'லண்டன் சந்தைகள்' வரிசையையும் காட்டுங்கள். கூரையின் இரும்பு வேலைப்பாடு மேலே, ஆட்களும் சரக்கும் கீழே. காவடி ஊர்வலத்துக்கு அந்த அடுக்கு அப்படியே உதவும்.

தமிழ் வரிக்கு மட்டும் போடனை விட்டு நமீபிய லினோ ஓவியர் ஜான் முவாஃபாங்கேஜோவைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் ராக்ஸ் டிரிஃப்ட் கலைப்பள்ளியில் படித்தவர், படத்துக்குள்ளேயே எழுத்தையும் செதுக்கியவர். எழுத்தை மேடாக விட்டால் 'ழ', 'ஞ' சுழியின் மெல்லிய கோடுகள் உடைந்து போகும். கருப்புப் பட்டையில் எழுத்தையே குழியாக வெட்டுங்கள்: வெள்ளை எழுத்து, 15 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரம். வளைவில் உளியைத் திருப்பாமல் தகட்டைத் திருப்பவேண்டும். எழுதிய தாளைக் கவிழ்த்துப் படியெடுங்கள், இல்லாவிட்டால் முருகன் பெயர் இடவலம் மாறித் திரும்பி நிற்கும்.

சங்கு_டர்பன்:
அண்ணா, அக்காமார் எல்லோருக்கும் நன்றி. அச்சு யந்திரம் எங்களிடம் இல்லை. மரக்கரண்டியால் ஏ3 முழுதும் தேய்க்க முடியுமா?

மையுருளை:
முடியும், மெல்லிய தாள் என்றால். சதுர மீட்டருக்கு 220 கிராம் எடையுள்ள தடித்த தாளை ஆசைப்பட்டு வாங்கினால் கைவலிதான் மிஞ்சும். ஜப்பானிய ஹோஷோ போன்ற மிருதுவான தாள் மை நன்றாக இழுக்கும். மேலே ஒரு வெண்ணெய்த்தாள் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறு வட்டமாகத் தேயுங்கள். பாதியில் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள், ஊசியில் மாட்டியிருப்பதால் மறுபடி அதே இடத்தில் படியும். பின்னர் எங்காவது யந்திரம் கிடைத்தால் கம்பளி போடாமல் கெட்டி அட்டை வைத்து அடியுங்கள். கம்பளி தாளைக் குழிக்குள் அழுத்தி வெள்ளைப் பகுதியில் மைக்கறை வரவைக்கும்.