‘கோஷ்’ என்றால் திமிரா?

கேள்வி:
அலுவலக விருந்தில், புதிதாகச் சேர்ந்த பெண் தட்டில் சோறு வாங்கிக்கொண்டு திரும்பக்கூட இல்லை, அதற்குள் ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி "சம்பளம் எவ்வளவு பேசி வந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற இங்கிலாந்துக்காரர் மெதுவாக "கோஷ்" என்றார். எழுத்து ஜி, ஏ, யூ, சி, எச், இ. திமிர் என்று அர்த்தமா?

பதில் 1:
திமிர் இல்லைங்க. நாலு பேர் நடுவில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று தெரியாமல் நடந்துகொள்வது. கெட்ட எண்ணம் இருக்கவேண்டும் என்றில்லை, மரியாதையில்லாமல் நடப்பதைச் சொல்லும் ‘ரூட்’ (rude) என்பதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

பதில் 2:
பிரெஞ்சுச் சொல், நேர்ப் பொருள் ‘இடது’. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. இடது கையால் செய்தால் கோணலாகத்தான் வரும் என்ற பழைய நினைப்பு அதில் ஒட்டியிருக்கிறது. கெட்ட நோக்கத்தைச் சொல்லும் ‘சினிஸ்டர்’ என்பதும் லத்தீனில் இடதுதான், ஆனால் திறமையைச் சொல்லும் ‘டெக்ஸ்டெரிட்டி’ வலதிலிருந்து பிறந்தது! நான் இடக்கைப் பழக்கக்காரி, சின்ன வயதில் கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணத்தை இடது கையால் நீட்டித் திட்டு வாங்கியவள், அதனால் இந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. அப்போ தமிழில் எப்படிச் சொல்வது?

பதில் 1:
‘இங்கிதம் தெரியாதவர்’. கச்சிதமாகப் பொருந்தும். அப்புறம், சபையில் சொல்லக்கூடாததை மறைத்துச் சொல்வதற்கு நன்னூலில் ‘இடக்கரடக்கல்’ என்றே ஒரு பெயர் இருக்கிறது.