பேம் 8403 போர்டு: இரண்டாவது ஸ்பீக்கர் மாட்டினால் ஐசி சுடுகிறது, வால்யூமும் தலைகீழ்

கேள்வி:
அப்பாவின் பழைய ரேடியோப் பெட்டிக்குள் பேம் 8403 என்ற சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டும், 4 ஓம் 3 வாட் ஸ்பீக்கர் இரண்டும் வைத்திருக்கிறேன். சப்ளை 5 வோல்ட் போன் சார்ஜர். ஒரு ஸ்பீக்கரோடு நன்றாகப் பாடியது. ஒயர் குறையட்டும் என்று இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கி மாட்டினேன். இப்போது சத்தம் கரகரக்கிறது, போர்டில் உள்ள ஐசியில் (சிப்பில்) விரல் வைக்க முடியவில்லை. 10கே ஸ்டீரியோ வால்யூம் கண்ட்ரோலை வலப்பக்கம் திருப்பினால் சத்தம் குறைகிறது. அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

பதில் 1:
தம்பி, முதலில் சப்ளையைப் பிடுங்குங்கள். அப்புறம் அந்த முறுக்கலைப் பிரியுங்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது கிரவுண்டுதான், அதாவது சப்ளையின் பொது முனை. இதில் அப்படி இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டு முனையையும் ஐசியே ஓட்டுகிறது. மீட்டரை டிசியில் வைத்து கிரவுண்டுக்கும் மைனஸுக்கும் நடுவே பாருங்கள், சுமார் 2.5 வோல்ட் காட்டும். இரண்டு மைனஸையும் சேர்த்தால் இடமும் வலமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், அந்தச் சூடு அதனால்தான். ஸ்பீக்கருக்கு இரண்டு ஒயர் வீதம் மொத்தம் நான்கு தனித்தனியாகப் போகட்டும். எதையும் கிரவுண்டில் தொடவிடாதீர்கள்.

பதில் 2:
வால்யூமுக்கு: தண்டு உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடது கால் கிரவுண்டு, நடுக்கால் போர்டின் இன்புட், வலது கால் போனிலிருந்து வரும் சிக்னல். நீங்கள் ஓரக் கால்களை மாற்றி வைத்திருக்கிறீர்கள். ஸ்டீரியோ கண்ட்ரோலில் கால்கள் இரண்டு வரிசை, இரண்டிலும் மாற்றுங்கள். கண்ட்ரோலில் பி10கே என்று இருந்தால் ஆரம்பத்திலேயே சத்தம் குபீரென்று ஏறும். ஏ10கே காதுக்கு இதமாக, படிப்படியாக ஏறும்.

கேட்டவர்:
நான்கு ஒயராக்கிவிட்டேன், சூடு போய்விட்டது! வால்யூமும் சரி. ஆனால் தண்டைத் தொட்டால் உறுமல் வருகிறது. 12 வோல்ட் அடாப்டர் ஒன்று கிடக்கிறது, போட்டுப் பார்க்கவா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். இதன் எல்லை 5.5 வோல்ட், 12 கொடுத்தால் ஐசி போய்விடும். உறுமலுக்கு, வால்யூமின் உலோக உடம்பைக் கொஞ்சம் சுரண்டி, அங்கிருந்து ஒரு ஒயரை இன்புட் கிரவுண்டுக்குப் பற்றவையுங்கள். இன்புட்டுக்கு ஷீல்டு ஒயர் (மேலே உலோக வலை சுற்றியது) போடுங்கள். போனை அதே சார்ஜரில் சார்ஜ் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், அது வேறு கதை.

கேட்டவர்:
உடம்பைக் கிரவுண்டு செய்தேன், உறுமல் அடங்கிவிட்டது. ஷீல்டு ஒயர் நாளைக்கு வாங்குகிறேன். பெட்டி மறுபடி பாடுகிறது, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ரொம்ப நன்றி அண்ணா.