கடலூரா கூடலூரா? பாப்பா பேருல ஆரம்பிச்ச சண்டை

கெடிலக்கரையான்:
நேத்து ஒருத்தர் எழுதியிருந்தாரு, கடலூர் பாண்டி பக்கம் எல்லாமே குப்பம், பாளையம், பேட்டைன்னு தான் இருக்கு, இதுல எந்த ஊர் பேர புள்ளைக்கு வைக்கிறதுன்னு. படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. சிதம்பரம், விருத்தாசலம், அருணாசலம், பழனி இதெல்லாம் யாரு பேருங்க? நம்ம தாத்தனுங்க பேரு. தில்லைங்கறது பிச்சாவரம் சதுப்புல நிக்கிற மரம், அது ஊர் பேராகி அப்புறம் தில்லைநாயகி, தில்லையம்மான்னு வீட்டுக்குள்ள வந்துச்சு. கடலூருக்கு பழைய பேரே கூடலூர் தான், ஆறுங்க கூடுற எடம். என் பொண்ணுக்கு கூடல்மதின்னு வச்சிருக்கேன், மூணு மாசம் ஆகுது, கூப்பிட்டா திரும்பிப் பாக்குறா.

பாண்டி வாத்தி:
பாப்பாவுக்கு ஆசீர்வாதம். ஒரே ஒரு கேள்வி தம்பி, எங்க கூடுது? பெண்ணையாறு தாழங்குடால போயி கடல்ல விழுது, கெடிலம் தேவனாம்பட்டினம் பக்கம் போயி விழுது. ரெண்டும் சேர்ற எடத்த காட்டுங்க. கடல் இருக்கு, ஊர் இருக்கு, அதான் கடலூர்.

கெடிலக்கரையான்:
உப்பனாறும் பரவனாறும் துறைமுகத்துக்கிட்ட வர்றது தெரியாதா சார்? ஆறு கடலோட சேர்றதும் கூடல் தான். வெள்ளைக்காரன் எழுதின ஸ்பெல்லிங்க பாருங்க, 'சி'க்கு அப்புறம் 'யு' போட்டிருக்கான். கடல்னு காதுல விழுந்திருந்தா 'ஏ' போட்டிருப்பான். உங்க பிரெஞ்சுக்காரனும் 1783ல வெள்ளைக்காரனோட இங்க போட்ட சண்டைய கொந்தெலூர் சண்டைன்னு தான் எழுதி வச்சான், அதுல கடல் எங்க இருக்கு?

பாண்டி வாத்தி:
அதே வெள்ளைக்காரன் கறிக்கும் 'யு' தான் போட்டான். அப்ப நாம சாப்புடுறது கூறியா? நான் கேட்டதுக்கு பதில் வரல. பெண்ணையும் கெடிலமும் எங்க கூடுது?

புலியூர் பொண்ணு:
எனக்கு ஒரு டவுட். பாப்பாவுக்கு உத்திரம், 'பா'ல பேரு வேணும். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில்ல தலமரம் பாதிரி, அதத்தான் வடமொழில பாடலம்னு சொல்றாங்க. பாடலின்னு வைக்கலாமா? மாமியார் பாதிரின்னாலே சர்ச் ஃபாதர் தான் ஞாபகம் வருதுங்கறாங்க. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல அடுக்குற பூவுலயே பாதிரி இருக்கு, போர்ச்சுகீசியன் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே இருந்த பூவுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

வைகைத்தமிழன்:
கூடல்னா மதுரைங்க. நான்மாடக்கூடல். கூடலழகர் கோயில் இங்க இருக்கு. உங்களுக்கு பேரு இல்லன்னா எங்ககிட்ட வந்து எடுப்பீங்களா?

கெடிலக்கரையான்:
ஓ, பட்டா போட்டு வச்சிருக்கீங்களா? நீலகிரில ஒரு கூடலூர் இருக்கு, தேனில ஒண்ணு இருக்கு, அங்கயும் போயி இதே சண்டைய போடுங்க. அப்பர் சாமி பாடின முதல் பதிகத்துலயே 'அதிகைக் கெடில வீரட்டானம்'னு எங்க ஆத்து பேர சேர்த்து தான் கூப்பிடுறாரு. அவர கல்லுல கட்டி கடல்ல போட்டப்ப வந்து கரையேறின எடம் எங்க வண்டிப்பாளையத்துக்கு பக்கத்துல கரையேறவிட்ட குப்பம். குப்பம் குப்பம்னு கேவலமா பேசுறீங்களே, அந்த குப்பம் மாதிரி பேரு உங்க ஊர்ல ஒண்ணு சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் பெரியம்மா:
தம்பி கோவப்படாத. கூடல்னா ஊடலுக்கு அப்புறம் வர்றதுன்னும் அர்த்தம் இருக்கு. 1330-வது குறள எடுத்துப் பாரு, 'கூடி முயங்கப் பெறின்'. பொண்ணு ஒம்போதாவது போறப்ப பின்னாடி பெஞ்ச் பசங்க சும்மா விடுவானுங்களா?

கெடிலக்கரையான்:
பெரியம்மா, உங்க மேல மரியாத இருக்கு, ஆனா ஆறு கூடுறதுல நீங்க ஏன் அத பாக்குறீங்க? பாப்பா பொறக்குறதுக்கு முன்னாடியே நான் மூணு மாசம் யோசிச்சு வச்ச பேரு. சட்டப்படி பேர சேர்க்க 12 மாசம் டைம் இருந்தும் நான் 21 நாள்லயே பதிஞ்சுட்டேன், இனிமே மாத்துற பேச்சே இல்ல.

பாண்டி வாத்தி:
எங்க பதிஞ்சீங்க? பிரசவம் பாண்டில தானே? அப்ப சர்டிபிகேட்ல புதுச்சேரின்னு தான் இருக்கும். பேரு மட்டும் கூடலூரு. எங்க வில்லியனூர் கோகிலாம்பிகை பேர்ல கோகிலான்னு வச்சிருந்தா ஒரு சண்டையும் வந்திருக்காது.

கெடிலக்கரையான்:
போன மாசம் பீச் பத்தி பேசினப்பவும் இப்படித்தான் வந்தீங்க. கடல்ல பாறாங்கல்ல கொட்டி வச்சுட்டு அத பீச்சுங்கறீங்க, எங்க சில்வர் பீச் மணல்ல ஒரு தடவ வந்து நடந்து பாருங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தா ஊரே உங்களுதா ஆயிடுமா?

தாழங்குடா ராசா:
அண்ணே, எங்க கூடுது எங்க கூடுதுன்னு கேக்குறவங்க 2024 டிசம்பர்ல எங்க ஊருக்கு வந்திருக்கணும். சாத்தனூர் அணைய தொறந்து விட்டதும் பெண்ணைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து நின்னுச்சு. 2015ல முதுநகர்ல எங்க அக்கா வீட்டுல கட்டிலு மெதந்துச்சு. எங்க கூடும்னு எங்கள கேளுங்க, காட்றோம்.

கெடிலக்கரையான்:
கேட்டீங்களா சார்? இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

பாண்டி வாத்தி:
வெள்ளம் வந்தா ஏரியும் தான் ரோட்டுல கூடுது. அது ஊர் பேருக்கு ஆதாரமா? பெண்ணையும் கெடிலமும் சேர்ற எடம், ஒரே ஒரு போட்டோ போடுங்க போதும்.

வைகைத்தமிழன்:
போட்டோ வேணும்னா மதுரைக்கு வாங்க.

கெடிலக்கரையான்:
ஞாயித்துக்கெழம பைக்ல போயி உப்பனாறு முகத்துவாரத்துல பாப்பாவ தூக்கி வச்சு போட்டோ எடுத்துப் போடுறேன். அப்பயும் இவரு அது உப்பனாறு, கெடிலம் எங்கன்னு தான் கேப்பாரு, எழுதி வச்சுக்கோங்க.

பாண்டி வாத்தி:
ஆமா, கேப்பேன்.

புலியூர் பொண்ணு:
பாடலி பத்தி யாராவது சொல்லுங்களேன், வெள்ளிக்கெழம பேரு வைக்கிறோம்.