எக்ஸ்-கதிர் கண்ணாடி தானாகச் சாய்கிறது, அவசர உதவி தேவை

நிலா_பீம்: காலையில் கண்ணாடியின் பிட்ச் கோணத்தை (முன்பின் சாய்வை) சரி செய்கிறேன். மதியத்துக்குள் அது திருப்பும் பீம் (எக்ஸ்-கதிர்க் கற்றை) 80 மைக்ரான் மேலே ஏறிவிடுகிறது. மோட்டாரை நான் நகர்த்தவே இல்லை. நாளை மறுநாள் பீம் டைம் (சோதனைக்கு ஒதுக்கிய நேரம்). என்ன செய்யலாம்?

கருங்கல்: 80 மைக்ரான் எவ்வளவு தூரத்தில்? கண்ணாடித் தாங்கிக்குக் கால்கள் எத்தனை, என்ன உலோகம்?

வேலு_வேக்கம்: பெல்லோஸ்தான் (வெற்றிடப் பகுதிகளை இணைக்கும் மடிப்புக் குழாய்) காரணம். 10 செ.மீ. விட்டம் என்றால் காற்றழுத்தம் ஏறக்குறைய 80 கிலோ எடையளவு தள்ளும். தாங்கியே வளையும்.

பழைய_கை: வேலு, அந்த விசை காலையும் மாலையும் ஒன்றுதான். வெற்றிடம் தினமும் மாறுகிறதா? தம்பி நிலா, இந்த வேலைக்கு வருபவர் விவரம் இல்லாமல் கேள்வி கேட்கக் கூடாது. இரவில் மோட்டார் டிரைவரை (மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் கருவியை) அணைக்கிறீர்களா?

நிலா_பீம்: மன்னிக்கவும் சார். சோதிக்கும் மாதிரிப்பொருள் கண்ணாடியிலிருந்து 18 மீட்டர் தள்ளி. மூன்று அலுமினியக் கால்கள், உயரம் 250 மி.மீ., முன்பின் இடைவெளி 500 மி.மீ. பிட்ச் மோட்டார் பின்காலில் மட்டும். ஆமாம், இரவில் அணைப்போம்.

பழைய_கை: அதுதான். 18 மீட்டரில் 80 மைக்ரான் என்றால் பீம் திரும்பிய கோணம் 4.4 மைக்ரோரேடியன். கண்ணாடி சாய்வதைப் போல் இரு மடங்கு பீம் திரும்பும், ஆக சாய்வு 2.2. பின்கால் 1.1 மைக்ரான் வளர்ந்தால் போதும். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும். உங்கள் காலுக்கு 0.2 டிகிரி தாராளம். காலையில் டிரைவரைப் போட்டதும், மோட்டார் நின்றபடியே மின்னோட்டம் வாங்கிச் சூடாகிறது.

கருங்கல்: கால்களை இன்வாருக்கு (வெப்பத்தில் மிகக் குறைவாக நீளும் இரும்பு-நிக்கல் கலவை) மாற்றுங்கள். அதே கணக்கில் 1.2 மைக்ரான்தான் நீளும். அதைக் கண்டுபிடித்த இயற்பியலாளர் கியோமுக்கு 1920-இல் நோபலே கொடுத்தார்கள்.

பழைய_கை: இன்வாரும் வருடக்கணக்கில் மெல்ல நீளும். வெப்பத்தை வைத்துக்கொண்டு உலோகத்தை மாற்றுவது சரியான வழி இல்லை.

கருங்கல்: வெப்பமே இல்லாத ஹட்ச் (பீம் வரும் கவச அறை) எங்கே இருக்கிறது? அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் முதல் தவறு.

வேலு_வேக்கம்: மோட்டாரை முழுக்க அணைத்தால்?

பழைய_கை: மைக்ரோஸ்டெப்பில் (ஒரு முழு ஸ்டெப்பின் சிறு பங்கில்) நின்றால் ரோட்டர் (மோட்டாரின் சுழலும் பகுதி) பக்கத்து முழு ஸ்டெப்புக்குத் தாவிவிடும். பால் ஸ்க்ரூ (குண்டுகள் மேல் உருளும், உராய்வு குறைந்த திருகு) என்றால் சுமையே இறங்கலாம். மின்னோட்டத்தைப் பாதியாக்குங்கள், வெப்பம் கால்வாசியாகும். இரவிலும் அணைக்காதீர்கள்.

நிலா_பீம்: பாதியாக்கினேன், இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டேன். இன்று மதியம் வரை பீம் 9 மைக்ரான்தான் நகர்ந்தது. நன்றி சார்.

கருங்கல்: அந்த 9 ஏசி காற்றிலிருந்தா? பின்காலில் ஒரு தெர்மிஸ்டர் (வெப்பநிலை உணரி) ஒட்டிப் பார்த்தீர்களா?